விழுந்த இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாத ஆண்கள் இருக்கலாம். மாப்பிள்ளையின் குதிரைமேல் உட்கார்ந்து தொடை நடுங்காத ஆண் ஒருவர்கூட இருந்ததில்லை. தாலி கட்டும்போது பையனின் கை ஏன் இப்படி ஆடுகிறது என்று வெளியூர்ப் பெண் வீட்டார் கேட்டால், "இப்பதான் குதிரையில இருந்து இறங்கினாரு" என்று உள்ளூர்க்காரர்கள் பதில் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது மணமகனை அல்ல. ஊர்வலத்துக்குக் குதிரை கொண்டுவருபவரை. நாற்பதைக் கடந்தவர். கல்யாணம் ஆகாதவர். இருந்தும் போலீஸ்காரர் முதல் பூக்காரம்மா வரை அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். முகூர்த்தம் இல்லாத நாளிலும் ஜரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் பால் பாக்கெட் வாங்க வருவார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்பார், சித்திரை மாத வெயிலில்.

குதிரைக்குப் பெயர் மேடம். வெள்ளைப் பெண் குதிரை. ஊரில் எல்லாரையும் 'நீ' என்று பேசிய மாப்பிள்ளை, 'ங்க' போட்டுப் பேசியது மேடத்திடம் மட்டும்தான். வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என்னை அங்கே எல்லாரும் மேடம் என்பார்கள். மாப்பிள்ளை முதல் நாளே மறுத்துவிட்டார்.

"மேடம்னா ஒருத்தருதான். ரெண்டு பேர் ஆனா அவங்க மனசு சங்கடப்படும். உன்ன கலெக்டராபீஸ் அக்கான்னு கூப்பிடறேன். கோச்சிக்காத."

கல்யாணத்துக்குக் குதிரை கேட்டு போன் வந்தால், போனை மேடத்தின் காதில் வைப்பார். பையனை ஓரிரு வார்த்தை பேசச் சொல்வார். மேடம் காதை முன்னால் நீட்டினால் சம்மதம். பின்னால் மடித்தால், "மேடம் வேணாங்கறாங்க" என்று போனை வைத்துவிடுவார். அப்படி மேடம் வேண்டாமென்ற ஒரு பையன் முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்தின் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஊர்வலமே வைக்காத வீட்டார்கூட, ஜாதகம் பார்த்த கையோடு மாப்பிள்ளைக்கும் ஒரு போன் போட ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதைகள். தண்ணீர் டம்ளர் சமாசாரம்தான் அப்படியில்லை.

மேடத்தின் மேலிருந்து யார் விழுந்தாலும், விழுந்த இடத்தில் மாப்பிள்ளை ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைப்பார். அன்றைக்கு மட்டுமல்ல. அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வைப்பார். ஏன் என்று கேட்டேன்.

"விழுந்த ஆளு எந்திரிச்சி போயிட்டான்னு நெனைக்கிற. போறது மீதி ஆளுதான்கா. பயந்த ஆளு அங்கயே குந்திக்கினு இருப்பான். வெயில் இல்ல? தாகம் எடுக்கும்."

பாத்திரக் கடைக்காரர் ஒருவர் தன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் மேடத்தின் மேலிருந்து விழுந்தவர். உடையைத் தட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து எது கேட்டாலும் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வரும். சாம்பார் வேண்டுமா என்று மனைவி கேட்டால், ரசம் ஊற்றும்போது "ம்" என்பார். அந்த அம்மாள் மாப்பிள்ளையிடம் வந்து அழுதார். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார் மாப்பிள்ளை. விழுந்த அதே பொழுதில், அதே இடத்துக்குப் போக வேண்டும். அவரை மேடத்தின்மேல் ஏற்ற வேண்டும். நெருங்கியவர் ஒருவர் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேடம் அந்த இடத்தை மிதித்துத் தாண்டினால் உட்கார்ந்திருந்த ஆள் ஏறிக்கொண்டதாக அர்த்தம். மண்டப வாசலில், அத்தனை பேர் எதிரில், அந்த அம்மாள் கணவரை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேடம் தாண்டியது. அன்று மாலையே பாத்திரக் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சுடச்சுடப் பதில் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அந்த அம்மாள் திரும்பி வந்து, பழையபடியே விட்டுவிட முடியுமா என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஒரு லேஅவுட் தெரியும். நுழைவு வளைவு, தார்ச்சாலை, தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. மனைக் கற்களும், கயிற்றில் கட்டிய கலர் கொடிகளும், காற்றும்தான். மாப்பிள்ளை அங்கே வாட்ச்மேன். ஆபீஸ் அறையில் மேடம் குடியிருந்தது. வெளியே தகரக் கொட்டகையில் இவர். அந்தக் காலித் தெருக்களில் மேடத்தை நடத்திக்கொண்டு போகும்போது, "ஒதுங்கு, ஒதுங்கு" என்று சொல்லிக்கொண்டே போவார். யாரும் இருக்க மாட்டார்கள். யாரை ஒதுங்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வீடு கட்டி வரப்போகிறவர்கள் முன்னாலேயே வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு நான் அந்தத் தெருக்களில் ஓரமாகத்தான் நடந்தேன்.

என் மகள் மதுமிதாவுக்கு இதிலெல்லாம் பயமே கிடையாது. பதின்மூன்று வயது. வீட்டில் மது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேரட் எடுத்துக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனவள், கொஞ்ச நாளில் மேடத்தின்மேல் வர ஆரம்பித்தாள். மாப்பிள்ளை எதுவும் சொல்லித்தரவில்லை. "மேடம் சரின்னுட்டாங்க" என்றதோடு அவர் வேலை முடிந்தது. அவள் அப்பா ஓசூரில் வேலை பார்க்கிறார். வீடியோ அனுப்பச் சொல்வார். நான் ஓரமாக நின்று போனில் எடுப்பேன்.

அப்படி எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, உச்சி வெயிலில், கொடிக் கயிறு ஒன்று அறுந்தது. கலர் கொடிகள் சரசரவென்று தரையோடு ஓடி வந்தன. மேடம் பக்கவாட்டில் ஒரு துள்ளல். திரையில் குதிரை இருந்தது, மது இல்லை.

ஓடினேன். மனைக்கல் ஒன்றின் அருகில் கிடந்தாள். தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஆட்டோவுக்குப் போன் பண்ணிவிட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். குழந்தைக்கென்று கையை நீட்டினேன். "அது இல்ல" என்று தடுத்து, வேறு பாட்டிலைக் கொடுத்தார். அந்த நிமிடம் அவர் தலைப்பாகையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

தோள்பக்கத்துக் காறை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. மற்றது கூடவில்லை. மது சைக்கிளைத் தொடவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். பள்ளி வேன் லேஅவுட் வளைவைத் தாண்டும்போது மறுபக்க இருக்கைக்கு மாறிக்கொள்கிறாள் என்று டிரைவர் சொன்னார். என்னால் ஆனதைச் செய்தேன். கட்டிலை எடுத்துவிட்டுப் படுக்கையைத் தரையில் போட்டேன். மாடிப்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். பள்ளியில் விளையாட்டு வகுப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அலுவலகத்திலிருந்து அடிக்கடி போன் செய்து, என்ன செய்கிறாய் என்று கேட்பேன். "உக்காந்திருக்கேன்மா" என்பாள். மனசு கொஞ்சம் ஆறும்.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது லேஅவுட்டைப் பார்த்தேன். உச்சிப்பொழுது. மாப்பிள்ளை எங்கும் இல்லை. மேடம் தனியாகத் தெருவோர மண்ணில் நடந்து வந்தது. நேராக வந்தது, ஓரிடத்தில் மட்டும் அரைவட்டமாக விலகி, மறுபடி நேராகப் போனது. உட்கார்ந்திருப்பவரின் காலை மிதிக்காமல் நாம் சுற்றிப் போவோமே, அதுபோல. பிறகு ஆடுகள் வந்தன. லேஅவுட் முழுக்கப் புல்லை மழித்துவிட்டிருந்த ஆடுகள், அந்த இடத்தில் மட்டும் வாய் வைக்கவில்லை. அங்கே புல் வட்டமாக முழங்கால் உயரம் நின்றது. நடுவில் ஏதோ மின்னியது. டம்ளர். ஈரத்துணியை வாளியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரமே மாப்பிள்ளை என் அலுவலகத்துக்கு வந்தார், மேடத்தோடு. மனு கொடுக்க வந்த கூட்டத்தில் குதிரையும் வரிசையில் நிற்பதைப் பார்த்து, வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அக்கா, உன் மேல ஒரு கம்ப்ளெயிண்ட்டு" என்றார் மாப்பிள்ளை, எல்லாருக்கும் கேட்கும்படி. "உன் வீட்டு ஆளு எங்க லேஅவுட்ல குந்திக்கினு எந்திரிக்க மாட்டேங்குது. மேடம் அந்தத் தெருவுல நேரா நடக்க மாட்டேங்கறாங்க. ஞாயித்துக்கெழமை வந்து இட்டுக்கினு போயிடு."

காவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆக்கிரமிப்பு என்று நினைத்திருப்பார். என் மகள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். சொன்னபின் மேடத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடப்பக்கம் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதுவிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன். அவள், "எனக்கும் அங்க யாரோ இருக்கற மாதிரிதாம்மா இருக்கு. வேன்ல போறப்போ பாக்க பயமா இருக்கு. போலாமா?" என்றாள்.

ஞாயிறு உச்சி வெயிலில் போனோம். நிழல்கள் எல்லாம் காலடிக்குள் ஒடுங்கியிருந்தன. வீடில்லாத தெருக்களில் எங்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மது வளைவைத் தாண்டினாள். தெருமுனை வரை வந்தாள். அதற்குமேல் அவளுக்குக் கால் வரவில்லை. மேடத்தைக் கண்டதும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை அவளை ஏறச் சொல்லவில்லை. மேடத்தை வெறுமனே புல்வட்டத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்தி, முதலில் ஆள் இருக்கிறதா பார்ப்போம், வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். மதுவைத் தெருமுனையில் விட்டுவிட்டு நான் மட்டும் கிட்டே போனேன்.

"மது, வாம்மா" என்று கூப்பிட்டேன். காற்று நின்றிருந்தது. கொடிகூட அசையவில்லை. மேடம் நகரவில்லை.

மாப்பிள்ளை மேடத்தின் கழுத்தில் காதை வைத்தார். பிறகு புல்வட்டத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் மாறியிருந்தது.

"அக்கா, தப்பாயிடுச்சி. பாப்பா இங்க இல்ல. பாப்பா அன்னிக்கே எந்திரிச்சி ஆட்டோல போயிடுச்சி. குந்திக்கினு இருக்கறது நீ."

அன்றைக்கு நான் உட்கார்ந்தது அங்கேதான். மடியில் தலை வைத்து, கண் திறந்தும் பார்க்காத பிள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்தது அங்கேதான். ஆட்டோ வந்ததும் எழுந்தேனா? ஆட்டோவில் ஏறியது நினைவில்லை. எழுந்தது நினைவில்லை.

"அந்த ஆளு மடிய இன்னும் நீட்டிக்கினு இருக்குது" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "பாப்பா வீட்ல தலைய தூக்கினாலும் மறுபடியும் இழுத்து வச்சிக்குது."

மதுவைப் பார்த்தேன். தரையில் போட்ட படுக்கை, மாடிப்படி, போன், எல்லாம் அந்த வெயிலில் வரிசையாக வந்து நின்றன.

அடுத்து நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே கேவலமான காட்சி. அலங்காரம் இல்லாமல் மேடம் பெரியவர்களை ஏற்றுவதில்லையாம். முத்துப் பட்டையும் கண்ணாடி பதித்த சேணமும் பூட்டினார். நாற்பத்தேழு வயதில், கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லாத லேஅவுட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, அங்கிருந்து மேடத்தின்மேல் கவிழ்ந்து விழுந்து, எப்படியோ நிமிர்ந்தேன். கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. தலைக்குமேல் ஜாலர் வைத்த வெல்வெட் குடை. குதிரைமேல் இருந்து தரை எவ்வளவு தூரம் என்பது கீழே நின்று வீடியோ எடுப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

"நான் கொடை புடிக்கணும்" என்றார் மாப்பிள்ளை. "கயிற யாரு புடிக்கறது?"

அங்கே வேறு யாரும் இல்லை. மது தெருமுனையிலிருந்து பார்த்தாள். ஓரடி வைத்தாள், நின்றாள். மேடம் மூச்சு விட்டதும் பின்வாங்கினாள். நான் மேலே அழுதுகொண்டிருந்தேன் என்று பின்னால் சொன்னாள், எனக்குத் தெரியாது. அவள் வந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். மேடம் தானே மூக்கைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தது. மது கயிற்றைப் பிடித்தாள்.

"அம்மா, கீழ பாக்காத. மேடம் காதுக்கு நடுவுல பாரு" என்றாள். குரல் நடுங்கியது. கயிறு நடுங்கவில்லை.

புல்வட்டத்தின் விளிம்பில் மேடம் நின்றது. உடம்பு முழுக்க அதன் தோல் சிலிர்த்து அடங்குவது என் தொடைக்குத் தெரிந்தது.

"அம்மா, வா" என்று மது புல்லைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மான்றது பேரு இல்ல" என்றார் மாப்பிள்ளை.

அலுவலகத்தில் நான் மேடம். வீட்டுக்காரருக்கு நான் 'இந்தா'. இவளுக்கு அம்மா. என் வீட்டுப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. மது மன்னிப்புக் கேட்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பள்ளித் தோழியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

"செல்வி. எந்திரி. எனக்கு ஒண்ணும் ஆகல. வா போலாம்."

மேடம் புல்லுக்குள் காலை வைத்தது. எனக்குப் பின்னால் சேணம் அழுந்தியது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். முதுகில் சூடான மூச்சு பட்டது. இடுப்பை ஒரு கை பிடித்தது. அந்தப் பிடி எனக்குத் தெரியும். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்போது நான் பிடிக்கிற பிடி அது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னாலும் பார்த்திருக்க மாட்டேன்.

அந்தப் பக்கம் போனதும் மாப்பிள்ளை குடையை மடக்கினார். "சீக்கிரம் எறங்குக்கா. ரெண்டு பேரும் சேந்து வெயிட்டு ஜாஸ்தி. மேடத்துக்கு முதுகு வலிக்கும்."

இறங்கும்போது நாற்காலியோடு சாய்ந்தேன். மது சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். புல்லில் இருந்த டம்ளரை மாப்பிள்ளை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அப்போதுதான் நிரப்பியதாகச் சொன்னார். காலியாக இருந்தது. வெயில் குடித்திருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"ஒரு ரவுண்டு போகட்டுமா?" என்று மது என்னைக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போ என்று வந்தது. பயத்தோடுதான் ஏறினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சேணத்தை இறுக்கிப் பிடித்தபடி போனாள். தெருக்கோடியில் திரும்பி, அந்த இடத்தை மிதித்துக்கொண்டு வரும்போது, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க ஒரு கையை எடுத்தாள். அந்த ஒரு கையை நான் மறக்கவே மாட்டேன். மறுநாள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். ஆடுகள் அந்தப் புல்வட்டத்தை ஒட்ட மேய்ந்துவிட்டிருந்தன.

செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதை ஓரம் ஒரு புளியமரம் இருக்கிறது. மாப்பிள்ளையும் மேடமும் அந்த வழியாக எப்போது போனாலும் அங்கே அரைவட்டமாக விலகித்தான் போவார்கள். அங்கேயும் ஒரு டம்ளர் வைப்பார். ஒருநாள் மாலை அந்த வழியே வரும்போது பார்த்துவிட்டு, இங்கே விழுந்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார். "என் கல்யாண ஊர்வலம். அப்ப மேடத்தோட அம்மா இருந்தாங்க. விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள பொண்ணு வீட்ல சகுனம் சரியில்லன்னு மண்டபத்த காலி பண்ணிட்டாங்க. பௌர்ணமிக்கு பௌர்ணமி லட்சம் பேர் மிதிச்சிக்கினு போறாங்க, அந்த ஆளு எந்திரிக்கவே மாட்டேங்கறான்."

பெயரைச் சொன்னால் நானே கூப்பிடுகிறேன், மதுவும் கூப்பிடுவாள் என்றேன். மாப்பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். மழையைப் பற்றிப் பேசவில்லை.

"கூப்டா வந்துடுவான்கா. வந்தா கல்யாணம் எங்கன்னு கேப்பான். நான் இன்னா சொல்றது?"

லேஅவுட்டில் வீடுகள் எழும்ப ஆரம்பித்ததும் வாட்ச்மேன் தேவைப்படவில்லை. ஒரு காலை ஆபீஸ் அறை திறந்து கிடந்தது. மேடமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. சேத்துப்பட்டுப் பக்கம் வெள்ளைக் குதிரையைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ஆரணிப் பக்கம் என்று இன்னொருவர். போன் எடுப்பதில்லை. மேடத்தின் காதில் இருக்கிறதோ என்னவோ.

மது இப்போது சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறாள். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்கிறேன், போன் செய்வதில்லை. அலுவலகம் முடிந்ததும் பஸ் பிடித்துச் செங்கம் ரோடு போய், புளியமரத்தடி டம்ளரைக் கழுவித் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் தடுப்பதில்லை.

அவருடைய வீட்டுப் பெயர் தெரிந்தவர் யாராவது இதைப் படிக்கலாம். அந்த மரத்தடியில் நின்று ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள். எழுந்து வந்து கல்யாணம் எங்கே என்று கேட்டால், முதலில் தண்ணீரைக் குடிக்கச் சொல்லுங்கள். மற்றதை வீட்டுக்குக் கூட்டிவந்து, இலை போட்டு, நானும் மதுவும் மெதுவாகச் சொல்லிக்கொள்கிறோம்.